காய்ச்சலுக்குப் பயந்தவர்

என் வாழ்நாளில் நான் பார்த்த மனிதர்களிலேயே மிகவும் பயந்தவர் ஒரு டாக்டர். நாய்க்குப் பயப்படுவார், பல்லிக்குப் பயப்படுவார். அவிநாசி ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால், கடக்கப் போகிற வேறு யாராவது வரும்வரை ஓரமாக நின்று, அவர்களோடு ஒட்டிக்கொண்டு போவார். ஒரு ஸ்கூட்டர் வைத்திருந்தார். சைக்கிள்காரர்கள் மணியடித்து அதை முந்திக்கொண்டு போவதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியாது. நல்ல உயரம், கட்டைக் குரல். மீசை மட்டும் இருந்திருந்தால் போலீஸ் அதிகாரி என்றே நினைத்திருப்போம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. எனக்கு அன்னூரில் பம்ப்செட் விற்றுப் பழுது பார்க்கும் கடை. கோயமுத்தூரில் குழந்தைகளின் புற்றுநோய்க்கென்று எட்டுக் கட்டில் போட்ட ஒரு சின்ன வார்டு இருந்த ஆஸ்பத்திரிக்கு எங்களை அனுப்பினார்கள். அந்த வார்டு அவருடையது.

எங்கள் பக்கத்தில் டாக்டர் என்றால் முதலில் "ஒண்ணும் பயப்படாதீங்க" என்று சொல்ல வேண்டும். பாதி அதற்காகத்தான் போகிறோம், மருந்தெல்லாம் அப்புறம். இவர் அதைச் சொல்லவே இல்லை. என் மனைவி அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார். பிறகு இப்படி ஆரம்பித்தார்.

"இந்த நோய்க்கு மருந்து இருக்குதுங்க. பொழச்சு எந்திரிச்சுப் பள்ளிக்கொடம் போற கொழந்தைங்க இருக்குதுங்க. ஆனா மருந்து குடுக்கறப்ப ஒடம்புல இருக்கற வெள்ளணுவும் சேந்து அழிஞ்சுபோயிருமுங்க. காவலுக்கு ஆளில்லாத தோட்டம் மாதிரி ஆயிரும். அப்ப ஒரு காச்சல் உள்ள பூந்தாப் போதுமுங்க. நான் பறிகொடுத்த கொழந்தைங்கள்ல நெறையப் பேரு புத்துநோயில போகலீங்க. காச்சல்ல போனவிய. அதனால நீங்க பயப்படோணுமுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஆறுதல் சொல்ல வக்கில்லாத ஆள் இவன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். "எவ்வளவுங்க பயப்படோணும்?" என்று எகத்தாளமாகவே கேட்டேன். அவர் அதை எகத்தாளமாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்ற அளவுக்குப் பயந்தாப் போதுமுங்க" என்றார்.

அந்த அளவு எவ்வளவு என்பது போகப் போகத்தான் தெரிந்தது. மோதிரம் போடமாட்டார். கைக்கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் வைத்திருப்பார், நேரம் பார்க்க வேண்டுமென்றால் பையைக் குனிந்து பார்ப்பார். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும் முன் குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வருவார். கழுவின கையை இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் நடந்து வந்தால், "டாக்டர் மாமா சரணடையறாரு" என்று குழந்தைகள் சிரிக்கும். அவரும் சிரிப்பார். ஆனால் அவர் கழுவினால் போதாது, நாங்களும் கழுவ வேண்டும். சோப்பை வாங்கிக் கையில் தடவி, விரல் இடுக்குகளைத் தேய்க்கவில்லை என்றால், "மறுக்காக் கழுவிப்போட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதில் ஜவுளிக்கடை முதலாளியும் ஒன்றுதான், களையெடுக்கிறவரும் ஒன்றுதான்.

ஊர்க்காரர்களுக்கு அவர் செய்த பெரிய குற்றம் தண்ணீரைக் காய்ச்சச் சொன்னது. கோயமுத்தூர்க்காரன், யாராவது தன் தாயைத் திட்டினாலும் பொறுத்துக்கொள்வான், மலையிலிருந்து வருகிற சிறுவாணித் தண்ணீரைக் குறை சொன்னால் தாங்கமாட்டான். பக்கத்துக் கட்டில் குழந்தையின் அப்பா ஒருநாள் சண்டைக்கே போய்விட்டார்.

"ஏனுங்க, உலகத்துலயே ருசியான தண்ணிங்கறாங்க. அதைப் போய்க் காச்சிக் கெடுக்கச் சொல்றீங்களே!"

"ருசிதானுங்க, நான் இல்லைன்னு சொல்லலீங்க. எனக்கு மலை மேல பயமில்லீங்க, கொழாய் மேலதான் பயம். அது எங்கெங்க ஒடஞ்சு எந்தச் சாக்கடைக்குப் பக்கத்துல வருதோ, ஆருக்குத் தெரியும்?"

அந்த அப்பா ஒரு வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் தண்ணீரைக் காய்ச்சினார்.

அதைவிடப் பெரிய தலைவலி ஒறம்பரை. எங்கள் ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், சொந்தபந்தமெல்லாம் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்காவிட்டால் அந்தக் குறை தலைமுறைக்கும் நிற்கும். டெம்போ பிடித்துக் கூட்டமாக வருவார்கள். வந்தால் சும்மா பார்த்துவிட்டுப் போக மாட்டார்கள். குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்து, கோயில் விபூதியை நெற்றியில் பூசி, வாயிலும் ஒரு சிட்டிகை போட்டு, கழுவாத திராட்சைக் கொத்தை மடியில் வைத்துவிட்டு அழுவார்கள். "வராதீங்க" என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஒரு வார்த்தைக்கு இரண்டு 'ங்க' போட்டுப் பேசிப் பழகின ஜனம் எப்படிச் சொல்லும்?

அவர் சொன்னார். அதுவும் எங்கள் பாஷையிலேயே சொன்னார். வார்டு வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிடுவார். "வாங்க வாங்க, தூரத்திலிருந்து வந்திருக்கறீங்க, காப்பி குடிச்சீங்களா?" என்று நலம் விசாரித்து, அப்படியே வெளிப்பக்கத்து ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போய், "இங்கிருந்து பாருங்க, கொழந்தை நல்லாத் தெரியும்" என்பார். திராட்சையை வாங்கி, "எனக்கா கொண்டுவந்தீங்க? ரொம்பச் சந்தோசமுங்க" என்று தானே தின்றுவிடுவார். அதையும் கழுவிவிட்டுத்தான். எங்கள் பெரியப்பா வீட்டுக் கூட்டம், உள்ளே விடாமலேயே தங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்பதை அன்னூர் திரும்பிய பிறகுதான் புரிந்துகொண்டது.

ஒரு தடவை அந்த வார்டுக்குக் கட்டில் வாங்கிக் கொடுத்த மில் முதலாளி மாலை, பூங்கொத்து, போட்டோக்காரர் சகிதம் வந்தார். குழந்தைகளுக்கு நடுவில் நின்று படம் எடுக்க வேண்டும் என்று ஆசை. வாசலில் வைத்து ஒரு தும்மல் போட்டார். அவ்வளவுதான். நம்ம டாக்டர் நாயைக் கண்டவர் மாதிரி பின்னால் நகர்ந்தார், ஆனால் கதவை மறைத்துக்கொண்டு நகர்ந்தார்.

"ஐயா, நீங்க குடுத்த கட்டில்லதான் கொழந்தைங்க படுத்திருக்குதுங்க. அதை நாங்க மறக்கமாட்டமுங்க. ஆனா சளி தீந்த பொறகு வாங்க."

ஆஸ்பத்திரி நிர்வாகத்து ஆட்களுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. முதலாளிக்கும் முகம் சிவந்தது. கடைசியில் போட்டோவை வெளியே தோட்டத்தில் எடுத்தார்கள், படத்தில் ஒரு குழந்தையும் இல்லை. அன்றைக்குத்தான் இந்த மனிதருடைய பயத்தைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அவருக்குத் தும்மல்தான் பயம், தும்மினவர் யார் என்பதில் பயமே இல்லை.

மருந்துக்கு நடுவில் வீட்டுக்கு அனுப்பும்போது எங்களுக்கு ஒரு தெர்மாமீட்டர் கொடுத்திருந்தார். உடம்பு சுட்டால் மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை அமுக்கக் கூடாது, உள்ளூரில் ஊசி போடக் கூடாது, கிடைத்த வண்டியில் ஏறி வந்துவிட வேண்டும் என்று கட்டளை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் சோற்றைத் தள்ளிவிட்டுப் படுத்தாள். நூற்றொன்று. மனைவி கடை போனிலிருந்து ஆஸ்பத்திரிக்குச் சொன்னாள், நான் பம்ப்செட் ஏற்றும் வேனில் மகளைப் படுக்க வைத்துக்கொண்டு போனேன். போய்ச் சேரும்போது அவர் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். ரத்தம் எடுத்த கையோடு மருந்தையும் ஏற்றிவிட்டார்.

"ரிசல்ட்டு வரட்டுமேங்க" என்றேன். "ஒருவேளை ஒண்ணுமில்லாம இருந்தா?"

"ஒண்ணுமில்லாம இருந்தா எனக்குச் சந்தோசமுங்க. வீணா மருந்து ஏத்திப்போட்டான்னு நீங்க திட்டுங்க, வாங்கிக்கறேன். ஏதாச்சும் இருந்து நான் காத்துட்டிருந்தா, அதுக்கு ஆருகிட்டத் திட்டு வாங்கறது?"

பொழுது சாயும்போது அவளுக்குக் கைகால் சில்லிட்டு, கூப்பிட்டால் கண் திறக்காத நிலைமை வந்தது. மருந்து அதற்குள் உள்ளே போய் வேலையைத் தொடங்கியிருந்ததால் மீண்டுவந்தாள். ரத்தத்தில் கிருமி இருந்ததென்று பிறகு சொன்னார்கள். அதிலிருந்து நான் அவரை எகத்தாளமாகப் பேசுவதை விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் நடுவில், அவள் ரத்தம் நன்றாகத் தெளிந்து வந்த நேரத்தில்தான் அம்மை வந்தது.

என் அக்காவை அவிநாசிக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. பத்து எருமை வைத்துக்கொண்டு பால் ஊற்றுகிறவள். குரல் நாலு தோட்டத்துக்குக் கேட்கும். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சளி, காய்ச்சல் எதுவும் இல்லையே என்று கேட்டுத்தான் உள்ளே விட்டோம். பையன் என் மகளோடு பல்லாங்குழி ஆடிவிட்டுப் போனான். மறுநாள் அவனுக்கு உடம்பெல்லாம் முத்துப் போட்டுவிட்டது. அக்கா வாசலில் வேப்பிலை செருகினாள், மஞ்சள் தண்ணீர் வைத்தாள், எல்லாம் முறைப்படி செய்தாள். எங்களுக்கு மட்டும் சொல்லியனுப்பவில்லை. அம்மன் வீட்டுக்குள் இருக்கும்போது அதை ஒரு சீக்கு மாதிரி ஊருக்குச் சொல்லியனுப்புவது அவர்கள் வழக்கத்தில் கிடையாது. மரியாதைக் குறைவு. பால் வண்டிக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது, அதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது.

டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னபோது, பையன் வந்துபோன தேதியை இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு, "இப்பவாச்சும் தெரிஞ்சுதே, நல்லதாப் போச்சுங்க" என்றார். புற்றுநோய் மருந்துகளை நிறுத்தச் சொன்னார். தினமும் காலையில் வெளிச்சத்தில் வைத்து உடம்பு முழுக்கப் பார்க்கச் சொன்னார். அம்மைக்கென்று இருக்கிற மருந்தை மெட்ராசிலிருந்து வரவழைத்து, அவளுக்கு அம்மை வரும் முன்னாலேயே பீரோவில் வைத்துவிட்டார். மற்றக் குழந்தைகளுக்கு அம்மை என்பது பத்து நாள் அரிப்பு. இவளுக்கு அது நுரையீரலுக்குள் இறங்கி ஆளையே கொண்டுபோய்விடும் என்று எங்களிடம் மறைக்காமல் சொன்னார்.

ஒரு காலையில் காதுக்குப் பின்னால் ஒரு கொப்புளம் தெரிந்தது. கிளம்பிப் போனோம்.

இப்போது எங்கே படுக்க வைப்பது? வார்டுக்குள் விட்டால் மற்ற ஏழு குழந்தைகளுக்கும் ஆபத்து. பொது வார்டில் போட்டால் இவளுக்கு ஆபத்து. வேறு ஆஸ்பத்திரிகள் கேட்டதுமே கைவிரித்துவிட்டன. அவர் தன்னுடைய சொந்த அறையைக் கொடுத்தார். கட்டிடத்தின் ஓரத்தில், தனி வாசல் வைத்த அறை. மேஜை, நாற்காலி, புத்தகமெல்லாம் வெளியே வந்தன, கட்டில் உள்ளே போயிற்று. அவள் குணமாகும்வரை அவர் வராந்தாவின் அந்தக் கோடியில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, வெயிலடித்தால் நகர்ந்து, மழையடித்தால் குடை பிடித்துக்கொண்டு நோயாளிகளைப் பார்த்தார்.

அன்றைக்கே அக்காவும் வந்து இறங்கிவிட்டாள். வந்தவள் கட்டிலைப் பார்த்தாள், தொங்குகிற பாட்டிலைப் பார்த்தாள், நர்சின் கையில் இருந்த ஊசியைப் பார்த்தாள். வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"அம்மா எறங்கியிருக்கற ஒடம்புல ஊசி குத்தறதா? நான் விடமாட்டேன். என்ற பையன் ஊசியில்லாமத்தான் எந்திரிச்சான். இவ மேல குத்தி ஆத்தாளுக்குக் கோவம் வந்துதுன்னா, நீங்களா பதில் சொல்லுவீங்க?"

நான் கத்த வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்துக் கையமர்த்தினார்.

"எனக்கும் மாரியாத்தான்னாப் பயந்தானுங்க அம்மணி. நானும் அவ கோயிலுக்குத் தீச்சட்டி எடுத்த குடும்பந்தான்" என்றார். "ஆனா நான் ஒண்ணு சொல்றனுங்க, கேளுங்க. நான் புதுசா வேலைக்கு வந்தப்ப, இதே புத்துநோய் இருந்த ஒரு கொழந்தைக்குக் காச்சல்னு கூட்டிட்டு வந்தாங்க. லேசான காச்சல். அப்ப எனக்குப் பயமே கெடையாது. 'ஒண்ணும் பயப்படாதீங்க, காலைல பாத்துக்கலாம்'னு சொன்னனுங்க. அவிய நிம்மதியாப் போனாங்க. காலைல பாக்கறதுக்குக் கொழந்தை இல்லீங்க."

அக்கா சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு வாசலை விட்டு நகர்ந்தாள்.

"குத்துங்க. அவகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அவர் உடனே அடுத்த பயத்துக்குத் தாவிவிட்டார். "உங்களுக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்குதுங்களா? தழும்பக் காட்டுங்க." அக்கா நெற்றி ஓரத்துத் தழும்பைக் காட்டினாள். என் மனைவி பிறந்த வீட்டில் விசாரித்ததில் அவளுக்கு வந்ததில்லை என்று தெரிந்ததால், ஜன்னலுக்கு வெளியேதான் இடம். அக்காதான் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டாள். வேப்பிலை வேண்டும் என்றாள். இலையில் என்னென்ன பூச்சி இருக்குமோ என்று இவருக்கு நடுக்கம். ஜன்னலுக்கு வெளிப்புறம் கட்டிக்கொள்ளலாம் என்று சமாதானம் ஆயிற்று.

நடுவில் இரண்டு நாள் அவளுக்கு மூச்சு இரைத்தது. ஆக்சிஜன் வைத்தார்கள். கொப்புளம் இல்லாத இடம் அவள் உடம்பில் இல்லை, கண் இமையிலும் இருந்தது. "அப்பா, அரிக்குது" என்று சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அவர் காலையில் முதலில் வார்டுக் குழந்தைகளைப் பார்த்துவிடுவார். அப்புறம்தான் இவள். இவளைத் தொட்ட பிறகு குளித்துச் சட்டை மாற்றாமல் வார்டுப் பக்கம் தலைகாட்டமாட்டார். வராந்தாவில் ஒரு நோயாளியைப் பார்ப்பார், எட்டி அறைக்குள் பார்ப்பார், அடுத்த நோயாளியைப் பார்ப்பார். மருந்துச் சீட்டு எழுதும்போது அவர் கை நடுங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு அப்போது அவர்மேல் உண்டான பிரியத்தை எப்படிச் சொல்வது? என் குழந்தைக்காக என்னைவிட அதிகமாகப் பயப்பட ஒரு மனிதர் இருந்தார். அதனால் என்னால் கொஞ்சம் தூங்க முடிந்தது.

மூச்சு மெல்ல அடங்கியது. கொப்புளங்கள் வாடி, பொருக்குத் தட்டின. வார்டில் ஒரு குழந்தைக்கும் அம்மை வரவில்லை. பிறகு மகளுக்குப் புற்றுநோய் மருந்தை மறுபடி தொடங்கினார்கள், அது முடியவும் செய்தது. இன்று அவள் திருப்பூரில் குடும்பம் நடத்துகிறாள். அதையெல்லாம் இன்னொரு நாள் பேசலாம். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது தலைக்குத் தண்ணீர் ஊற்றின அந்தக் காலைதான்.

அம்மை இறங்கினால் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றி அம்மனை வழியனுப்ப வேண்டும். இந்த ஆள் விடுவாரோ மாட்டாரோ என்று அக்காவுக்குக் கவலை. அவரே அண்டாவில் கொதித்து ஆறின தண்ணீரைத் தூக்கிவரச் செய்தார். வேப்பிலையையும் அதிலேயே கொதிக்க வைத்திருந்தார். மொட்டைத் தலையில் தண்ணீர் விழுந்ததும் மகள் கூச்சலிட்டுச் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. ஜன்னலுக்கு வெளியே நின்று என் மனைவி அழுதாள்.

அவர் வராந்தாவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்தும் அவர் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. மருந்துச் சீட்டைப் பிடித்திருந்த கையை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள், நின்று அதைப் பார்த்தாள்.

எங்கள் பக்கத்தில் குழந்தைகள் எதையாவது கண்டு மிரண்டு, தூக்கத்தில் உளறி உடம்பு நடுங்கினால் 'பயந்துக்கிச்சு' என்பார்கள். மந்திரிக்கத் தெரிந்தவர்களிடம் கொண்டுபோனால், தலையிலிருந்து கால்வரை வேப்பிலையால் தடவி ஊதி அந்தப் பயத்தை எடுத்துவிடுவார்கள். அக்கா அவள் ஊரில் அதைச் செய்கிறவள். ஜன்னலில் கட்டியிருந்த வேப்பங்கொத்தை அவிழ்த்துக்கொண்டு நேராக அவரிடம் போனாள்.

"ஏனுங்க டாக்டரு, நீங்க ரொம்பப் பயந்திருக்கறீங்க. சித்த அப்படியே உக்காருங்க."

வராந்தா நிறையப் பெற்றோர்கள், இரண்டு நர்சுகள், நான். அந்த வேப்பிலையை அவர் ஒரு பார்வை பார்த்தார். கழுவினதா என்று கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்தபடி அவர் உச்சியிலிருந்து தோள் வழியாக வேப்பிலையை இறக்கத் தொடங்கினாள். யாரும் சிரிக்கவில்லை.

"இன்னைக்கோட எல்லாப் பயமும் போயிருமுங்க" என்றாள் அக்கா.

அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"முழுசா எடுத்துப்போடாதீங்க அம்மணி. கொஞ்சம் மீதி வெச்சிருங்க. உள்ள இன்னும் ஏழு கொழந்தைங்க இருக்குதுங்க."

அக்காவின் கை அவர் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. அதற்குக் கீழே அவள் வேப்பிலையை இறக்கவில்லை.